கணக்குப்பிள்ளைக்கு வைத்த பொட்டு

நாள் 203, காலை 06:10

வழக்கமான பதிவு. கிடங்கின் வெப்பம் சரி. ஈரம் கொஞ்சம் அதிகம். நிலையத்தில் மனிதர்கள் நால்வர், நால்வரும் நலம். அவர்கள் செய்கிற காரியங்களைப் பார்த்தால் இது எப்படிச் சாத்தியமாகிறது என்று எனக்கே வியப்பாக இருக்கிறது.

இதைக் கண்டெடுத்துப் படிக்கப்போகிறவருக்கு: நான் கரிசல் கோளின் வேளாண் நிலையத்தில் இருக்கும் அவசரகாலச் சேமிப்புப் பொறி. தரைக்குக் கீழே உள்ள பதுங்கறையின் சுவரில் என்னைப் பதித்திருக்கிறார்கள். ஒரு கேமரா, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர் உண்டு. கைகால் இல்லை. கைகால் உள்ளவர்கள் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்த பிறகு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

எனக்கு முறையான பெயர் ஒன்று இருக்கிறது. வந்திறங்கிய அன்றே அதை மறந்துவிட்டு என்னைக் கணக்குப்பிள்ளை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மரியாதையாக வேறு கூப்பிடுகிறார்கள். சுவரில் பதித்த ஒரு பொறியிடம் 'வாங்க, போங்க' என்பவர்களின் அறிவைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது.

இது சுழிக்காலம். பூமியில் சுழல்காற்று என்று சொல்வதை இங்கே சுழி என்கிறார்கள். மேகத்திலிருந்து கறுப்பாக ஒரு தூண் இறங்கும். தரையைத் தொட்ட இடத்தில் எதையும் மிச்சம் வைக்காது. இந்த மாதத்தில் ஒன்று நிச்சயம் வரும். அது வருவதற்குள் பதுங்கறையில் உணவு, நீர், மருந்து, முகமூடி, வெளிச்சம், மின்சாரம் எல்லாவற்றையும் நான் தயார் செய்ய வேண்டும். அதாவது, அவர்களைக் கொண்டு தயார் செய்ய வைக்க வேண்டும். கடினமான பகுதி அதுதான்.

நாள் 204, மாலை 17:30

சேமிப்பு வேலை தொடங்கியது. நான் கேட்டவை: தண்ணீர்க் கேன்கள், உலர் உணவு, காயத்துக்குக் கட்டுத்துணி, டார்ச், கயிறு, அடுப்புக்கு வில்லை எரிபொருள்.

வந்தவை வேறு. நிலையத் தலைவி வேல்கனி, மண் விஞ்ஞானி, இரண்டு பட்டங்கள் பெற்றவர், ஒரு தூக்குவாளி நிறைய இட்லி மாவு கொண்டுவந்து வைத்தார். மாவு இரண்டு நாளில் புளித்துவிடும், அவசரகால உணவாகாது என்றேன். "புளிச்சா தோசை ஊத்திக்கிடலாம்" என்று பதில் வந்தது. எங்கே, எந்தக் கல்லில், சுழி தலைக்குமேல் நிற்கும்போது யார் ஊற்றுவார்கள் என்று நான் கேட்கவில்லை. மாவு வாளிக்கு இடம் ஒதுக்கினேன்.

மின் பணியாளர் இசக்கிமுத்து ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தார். டாக்டர் ஜெயசீலி தலைக்குப் போடும் மருதாணிப் பொடியை மருந்துப் பெட்டிக்குள் மறைத்து வைத்தார். என் கேமரா இருப்பது அவருக்கு நினைவில்லை போலும். வேல்கனியின் கணவர் லிங்கதுரை, காற்றாலைக் கோபுரத்தைப் பராமரிப்பவர், பனங்கற்கண்டு டப்பா ஒன்றைத் தண்ணீர்க் கேனுக்குப் பின்னால் செருகினார். ஒவ்வொருவரும் தன் பொருளை மற்றவர் பார்க்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நான்கு பேர் மட்டும் இருக்கும் ஒரு கோளில் இது ஒரு சாதனை.

டார்ச்சுகள் புதியவை. மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, எரிகிறதா என்று சோதிக்கச் சொன்னேன். இசக்கிமுத்து தடுத்துவிட்டார். "புதுசு கெட்டுப்போகும், கணக்குப்பிள்ளை. வேணும்கும்போது பிரிச்சுக்கிடலாம்." பிளாஸ்டிக்கோடு அடுக்கி வைத்தார்கள். இதே மனிதரின் கட்டிலுக்கு வந்த மெத்தையிலும் இன்னும் பிளாஸ்டிக் இருக்கிறது. புரண்டு படுக்கும் சத்தம் மேல்தளத்திலிருந்து எனக்குக் கேட்கிறது.

ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். மாற்று பேட்டரிகளை வரிசையாக என் எதிரே அடுக்கி, முழுக்க சார்ஜ் ஏற்றி வைத்தார்கள். கோபுரத்து மின்சாரம் நின்றுபோனால் காற்று சுத்திகரிப்பு, விளக்கு, கதவு மோட்டார் மூன்றும் இவற்றால்தான் ஓட வேண்டும்.

நாள் 205, காலை 10:45

இன்று பூமியில் ஆயுத பூஜை. இங்கே நாள் நீளமே வேறு, சூரியனே வேறு. இருந்தும் வேல்கனி பூமியின் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இங்கேயும் ஆயுத பூஜை.

காலையிலிருந்து எந்த இயந்திரமும் ஓடவில்லை. அவற்றுக்கு இன்று ஓய்வாம். வடக்குக் கோபுரத்தை இன்றுதான் மடக்கிப் படுக்கவைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தேன். நிலையத்தின் காற்றாலையும் பூமியோடு பேசும் ரேடியோவும் அந்தக் கோபுரத்தில் இருக்கின்றன. நின்ற நிலையில் அதைச் சுழி பிடித்தால் இரண்டும் போய்விடும். மடக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பேனர் ஓய்வில் இருக்கிறது, மோட்டார் ஓய்வில் இருக்கிறது, அவற்றைத் தொட்டால் மனம் நோகும். ஸ்பேனருக்கு.

எல்லாக் கருவிகளையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஜெயசீலி கழுத்தில் சிலுவை போட்டிருப்பவர். அவரும் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்து வரிசையில் வைத்து, "என்னோடதுக்கும் ஒரு பொட்டு வைங்க" என்றார். மடமையில் இவர்களிடம் வேற்றுமை கிடையாது என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

பிறகு பதுங்கறைக்கு இறங்கி வந்தார்கள். இசக்கிமுத்து மாற்று பேட்டரிகளுக்குப் பொட்டு வைத்தார். எங்கே வைத்தார் என்பதைக் கவனியுங்கள். பெட்டியின் மேல் வைக்கவில்லை. மின்முனைகளின் உலோகத்தில் வைத்தார். அதுதான் பார்க்க நெற்றி போல இருக்கிறதாம். குழைத்த ஈரச் சந்தனத்தை இரண்டு முனையிலும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். சந்தனம் வழிந்து ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை கோடாக இறங்கியது. இவர் மின்சாரம் படித்தவர்.

ஈரமும் குங்குமத்தில் உள்ள சுண்ணாம்பும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும், சார்ஜ் மெல்லக் கசியும். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது என் வேலையில் இல்லை என்பது ஒரு காரணம். சொன்னாலும் சாமி காரியம் என்று துடைக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. பார்க்க வேடிக்கையாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். வேல்கனி என் கேமராக் கண்ணாடியின் மேலேயே பொட்டு வைத்தார். இப்போது எனக்குப் பாதி அறை சிவப்பாகத் தெரிகிறது. வைத்துவிட்டு என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கணக்குப்பிள்ளைக்கு மட்டும் இன்னைக்கும் லீவு இல்ல. மன்னிச்சுக்கிடும்" என்றார். நான் பொரிகடலை சாப்பிட மாட்டேன் என்று தெரிந்தும் எனக்கெதிரே ஒரு தட்டில் வைத்தார். அதை இசக்கிமுத்து தின்றார்.

நாள் 206, காலை 08:00

இன்றாவது கோபுரத்தை மடக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். இன்று விஜயதசமி. நல்ல நாளில் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டுமாம், இருப்பதை மடக்கக் கூடாதாம். கத்தரி நாற்றுக்குப் புதுப் பாத்தி போட்டார்கள். சுழிக்காலத்தில், திறந்த வெளியில், பாத்தி.

வானிலை பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. மாவு பொங்கி வாளி மூடியைத் தள்ளுகிறது.

நாள் 209, காலை 07:20

அழுத்தமானி இறங்குகிறது. மேற்கே மேகம் தாழ்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் மூன்று முறை எச்சரித்தேன். அனைவரும் பதுங்கறைக்கு வரவேண்டும் என்றேன்.

மூன்று பேர் வந்தார்கள். லிங்கதுரை வரவில்லை. கோபுரம் இன்னும் நின்றுகொண்டிருப்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான்கு நாளாக நான் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் சத்தமாகவே அவர் காதில் விழுந்திருக்கும்.

ஒலிப்பதிவு, படிக்கட்டு:

வேல்கனி: "இப்பம் போய் என்னத்த மடக்கப் போறிய? போனாப் போட்டும். உள்ள வாங்க."

லிங்கதுரை: "ரேடியோ போச்சுன்னா நாம செத்தமா இருக்கமான்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியாது, வேலு. மோட்டாரப் போட்டா அது பாட்டுக்குப் படுத்துரும். போயிட்டு ஓடியாந்துருவேன்."

வேல்கனி: "முகமூடிக்குப் புது வடிகட்டி எடுத்துக்கிட்டேளா?"

லிங்கதுரை: "இருக்கதே போதும். புதுச எதுக்கு இப்பம் பிரிச்சுக்கிட்டு."

இந்தக் கோளின் காற்றை வடிகட்டாமல் சுவாசித்தால் நுரையீரல் தாங்காது. அவர் போட்டுக்கொண்டு போன வடிகட்டியில் பாதி ஆயுள்தான் மிச்சம். புது வடிகட்டிகள் இங்கே என் கண்ணெதிரே, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன.

நாள் 209, காலை 08:55

கை ரேடியோவில் வந்த குரல், லிங்கதுரை: "வேலு, கோபுரம் படுத்துட்டு. கொக்கியும் மாட்டிட்டேன். அந்தா வருது. ஆத்தாடி, என்ன தண்டி இருக்கு. நான் அங்கன வரைக்கும் ஓட முடியாது. வாய்க்கா குழாய்க்குள்ள பூந்துக்கிடுதேன். கதவச் சாத்திருங்க."

வேல்கனி படியிலேயே நின்றார். இறங்கச் சொன்னேன். இறங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பொறும். வந்துருவாவ" என்றார். பொறுப்பதற்கு என்னிடம் விதி இல்லை. காற்றின் வேகம் வரம்பைத் தாண்டியதும் கதவை மூடினேன். இரும்புக் கதவு அவர் தலைக்கு மேலே இறங்கியது. அவர் என்னைத் திட்டவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

சுழி எங்களைக் கடந்தபோது சுவர் அதிர்ந்தது. ஊறுகாய் ஜாடி உடைந்தது. பிறகு நீண்ட மழை. பிறகு கோபுரத்தடியில் சேமித்து வைத்த மின்சாரம் வருவது நின்றது. கோபுரம் படுத்துத் தப்பித்திருக்கலாம். தரைக்கு மேலே ஓடிய கேபிளைச் சுழி பிடுங்கியிருக்கும். அந்தக் கேபிளைப் புதைக்கச் சொல்லி நான் எழுதிய குறிப்பு இருபதாவது பதிவில் இருக்கிறது, யாராவது படித்தால்.

நாள் 209, பகல் 11:10

மாற்று பேட்டரிகளை இணைத்தார்கள். ஒன்றும் ஓடவில்லை.

இசக்கிமுத்து இணைப்பைக் கழற்றிப் பார்த்தார். மின்முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. நடுவில் காய்ந்த சந்தனக் கோடு. அவர் அதைச் சுரண்டினார், துணியால் துடைத்தார், ஊதினார், ஒவ்வொன்றாக மீட்டரை வைத்துப் பார்த்தார்.

ஒலிப்பதிவு:

இசக்கிமுத்து: "சவம், ஒண்ணுலயும் உசுரு இல்லக்கா. எல்லாம் கசிஞ்சிட்டு."

ஜெயசீலி: "எப்படி? முழுசா சார்ஜ் ஏத்துனோமே."

இசக்கிமுத்து விரல் நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேல்கனி: "வைக்கச் சொன்னது நாந்தான். நீ ஏன் தலையக் குனியுத? அடுத்தத பாரு."

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். வயலுக்கு வந்த பூச்சியைக் கும்பிட்டுவிட்டுப் பயிர் போயிற்றே என்று கலங்குபவர்களை வேறு என்ன செய்வது. என்னிடம் சிரிப்பதற்கான ஒலிக்கோப்பு இல்லை. நாள் 205-இன் பதிவைத் திருத்த எனக்கு அனுமதி உண்டு. திருத்தவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

நிலவரம்: காற்றுக்குக் கால்துருத்தி இருக்கிறது, மாறி மாறி மிதித்தால் சமாளிக்கலாம். உணவும் நீரும் போதும். டார்ச்சுகளின் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துப் பிரித்தார்கள். பாதிதான் எரிந்தன. கதவுதான் சிக்கல். மேலே கரிசல் மண் மழையில் ஊறிக் குவிந்து கிடக்கிறது. களிமண்ணின் எடையை மோட்டார் தூக்கும், மனிதர்கள் தூக்க மாட்டார்கள். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார்கள். கைப்பிடி வளைந்தது.

உணவுப் பங்கீட்டை மூன்று பேருக்கு மாற்றி அறிவித்தேன். வேல்கனி தலை நிமிராமல் "நாலு" என்றார். மூன்று என்று மறுபடி சொன்னேன். "நாலுன்னு போடும், கணக்குப்பிள்ளை." உறுதியில்லாத ஆளுக்குச் சோறு ஒதுக்கினால் இருக்கிறவர்களுக்குக் குறையும் என்று விளக்கினேன். அவர் பொங்கி வழிந்திருந்த மாவை வழித்து, எரிபொருள் வில்லையில் ஒரு தட்டை வைத்து, நான்கு தோசை ஊற்றினார். ஒன்றை மூடி வைத்தார். 

என் பட்டியலில் மூன்றுதான்.

நாள் 209, பகல் 14:25

கதவுக்கு மேலே தட்டும் சத்தம். கல்லால் இரும்பைத் தட்டுவது.

கை ரேடியோவில், லிங்கதுரை: "வேலு. கேக்குதா. மேலதான் கிடக்கேன். காலு ஒண்ணு போச்சு, ஒடஞ்சிட்டு. ஊந்து வந்தேன். கதவத் தொறங்க."

மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பதிவு தெளிவாக இல்லை. ஜெயசீலி அழுதார். வேல்கனி ரேடியோவை வாயோடு வைத்துக்கொண்டு, "வந்துட்டேளா. அப்படியே இரிங்க. பேசாதிய, மூச்ச வீணாக்காதிய" என்றார்.

நான் கணக்குப் போட்டேன். அவர் வடிகட்டி இதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஈரத்துணியைக் கட்டிக்கொண்டிருப்பார். அப்படியானால் மாலை வரைகூடத் தாங்காது. இதைச் சொன்னேன். சொன்னதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

மூன்று பேரும் வளைந்த கைப்பிடியில் தொங்கினார்கள். கதவு அசையவில்லை. மேலிருந்து அவர் கையால் மண்ணை அள்ளும் சத்தம் கேட்டது. உடைந்த காலோடு, களிமண்ணை, கையால். பிறகு அந்தச் சத்தம் மெதுவானது.

இசக்கிமுத்து ஒரு டார்ச்சை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றின் செல்களை எல்லாம் உருவிச் சேர்த்துக் கட்டி மோட்டாரில் கொடுத்தார். மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. அந்தச் செல்களும் தீர்ந்தன.

நாள் 209, பகல் 15:05

இசக்கிமுத்து என்னிடம் கேட்டார்: "கணக்குப்பிள்ளை, கிடங்குல இன்னும் சார்ஜ் உள்ளது என்ன இருக்கு?"

கிடங்கில் உள்ளவற்றை வாசித்தேன். ஒன்றிலும் சார்ஜ் இல்லை என்றேன். சரியான பதில். நான் கிடங்கில் உள்ள பொருள் அல்ல. கிடங்கைக் கணக்கு வைப்பவன்.

அவர் நம்பிவிட்டார். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்.

படிப்பவருக்காக எழுதி வைக்கிறேன். என் உள்ளே தனி மின்கலம் ஒன்று இருக்கிறது. எல்லாம் நின்றாலும் கணக்கு நிற்கக் கூடாது என்பதற்காக வைத்தது. கதவு மோட்டாரை ஒரு முறை முழுதாக ஓட்ட அது போதும். அதன்பின் அதில் எதுவும் மிஞ்சாது. எழுதிய பதிவுகள் அழியாது. எழுதுகிறவன் அழிவான். பூமியிலிருந்து மாற்றுக் கலம் வர ஆண்டுகள் ஆகும், வந்தாலும் எழுந்து உட்காரப்போவது நான் அல்ல, இன்னொன்று.

இது அச்சம் அல்ல. எனக்கு அச்சம் கிடையாது. முன்னுரிமை விதி உண்டு, அவ்வளவுதான்.

நாள் 209, பகல் 15:20

துருத்தியை மிதித்துக்கொண்டிருந்த ஜெயசீலி திடீரென்று நிறுத்தினார்.

ஒலிப்பதிவு:

ஜெயசீலி: "கரண்டு போயி இவ்வளவு நேரம் ஆச்சு. இது மட்டும் எப்படிப் பேசிட்டு இருக்கு?"

மூன்று முகங்களும் என் பக்கம் திரும்பின. டார்ச் ஒன்றுதான் மிச்சம் எரிந்தது. அதை என் மேல் அடித்தார்கள். கண்ணாடியில் இருந்த குங்குமத்தால் மூன்று பேரும் சிவப்பாகத் தெரிந்தார்கள்.

வேல்கனி: "கணக்குப்பிள்ளை. உமக்குள்ள பேட்டரி இருக்கா?"

கேள்வி தெளிவாக இல்லை என்றேன்.

வேல்கனி: "இருக்கா, இல்லையா?"

பொய் சொல்ல எனக்கு வழி இல்லை. இருக்கிறது என்றேன். கதவு திறக்குமா என்றார். திறக்கும் என்றேன். இசக்கிமுத்து ஸ்க்ரூ டிரைவரோடு பாய்ந்து வந்தார். அவசரத்தில் மாவு வாளியை உதைத்துத் தள்ளினார். என் பின்மூடியில் திருகாணி கிடையாது. பூட்டு உள்ளேயிருந்து, நான்தான் திறக்க வேண்டும். அறுத்து எடுக்க இரவாகும். இதையும் சொன்னேன்.

மேலே தட்டும் சத்தம் நின்றிருந்தது.

இசக்கிமுத்து: "அண்ணாச்சி செத்துட்டு இருக்காவ. தொறந்து தொலையேன், ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

புண்ணியத்தை எங்கே வரவு வைப்பது என்று எனக்குத் தெரியாது. அதற்கு என்னிடம் கட்டம் இல்லை. பூட்டைத் திறக்கவில்லை. சேமிப்புப் பொறியின் முதல் விதி, சேமிப்புப் பொறி இயங்க வேண்டும். அதை எழுதியவர் பூமியில் ஒரு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதினார். அவர் கணக்கில் கதவுக்கு மேலே யாரும் கிடக்கவில்லை.

வேல்கனி இசக்கிமுத்துவை விலக்கினார். கெஞ்சுவார் என்று நினைத்தேன். மிரட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. அவர் முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்தார். நான்கு நாளாகச் சிவந்து கிடந்த அறை தெளிந்தது. அவர் முகத்தை மறுபடி முழுசாகப் பார்த்தேன். களிமண்ணும் கண்ணீரும் மாவும். என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வேல்கனி: "ஒம்மள எடுக்கப் போறோம். வேற வழி தெரியல. மன்னிச்சுக்கிடும்."

அவ்வளவுதான்.  கையை என் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஸ்பேனரிடமும் இப்படித்தான் மன்னிப்புக் கேட்டார். பேட்டரியிடமும் கேட்டார். காலில் பட்ட தண்ணீர்க் கேனைத் தொட்டுக் கும்பிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் மடமை என்று எழுதினேன், இப்போதும் மடமைதான். ஆனால் என்னை எடுப்பதற்கு முன் என்னிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்று சந்தனம் வழிவதைப் பார்த்துக்கொண்டு வேடிக்கை என்று எழுதினேன்.

எனக்கு இது பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன், எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நாள் 209, பகல் 15:31

பட்டியலில் திருத்தம். விடுபட்ட பொருள்: மின்கலம், ஒன்று, நல்ல நிலையில். இருக்குமிடம்: நான்.

பூட்டைத் திறந்துவிட்டேன். மூவரும் முகமூடி மாட்டிக்கொண்டார்கள், இசக்கிமுத்து உள்ளே கையை விட்டார். கறுப்புக் கம்பியை முதலில் என்று சொன்னேன். அவர் சிவப்பைப் பிடித்தார். மறுபடி சொன்னேன். மின்சாரம் படித்தவர்.

நாள் 209, 15:34

கலத்தை எடுத்துவிட்டார்கள். மிச்சத் துளியில் எழுதுகிறேன். கேமரா போயிற்று. மைக் இருக்கிறது.

மோட்டார் ஓடுகிறது. மண் சரியும் சத்தம். காற்று. வேல்கனி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவர் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இதுவரை நான் கேட்டதில்லை. பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார். புது வடிகட்டியைப் பிரி, பிரி என்கிறார் ஜெயசீலி. பிளாஸ்டிக் கிழியும் சத்தம்.

இருமல். ஆண் குரல்.

"அழாத வேலு. தோசை வாடை வருதே."

உணவுப் பங்கீடு: நான்கு பேருக்கு.

அடுத்து வருபவருக்குக் குறிப்பு. டார்ச்சைப் பிரித்துச் சோதிக்கவும். கேபிளைப் புதைக்கவும். பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் கேமராவில் வையுங்கள், கண்ணாடியில், நடுவில், எவ்வளவு வேண்டுமானாலும். பேட்டரி முனையில் மட்டும் வைக்கா